ஃபேட்டி லிவர்: கீழாநெல்லியா, சிறுதானியமா, சோற்றைக் குறைப்பதா?

அலுவலக உடல் பரிசோதனையில் வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர்களில் பலர் ஒரே வரியோடுதான் வருகிறார்கள்: 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'. கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ஆரம்ப நிலை என்று அர்த்தம். எனக்கும் அதே வரி வந்தது. கேள்விப்பட்டவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வடிகட்டிப் பார்த்தால் மூன்று வழிகள். காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி குடிப்பது ஒன்று. அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறுவது இன்னொன்று. வீட்டுச் சாப்பாட்டையே வைத்துக்கொண்டு சோற்றையும் சர்க்கரையையும் குறைத்து, கூடவே நடப்பது மூன்றாவது. நான் பிடித்துக்கொண்டது மூன்றாவதை. குடிப்பழக்கம் இருந்தால் அதை விடுவது எல்லாவற்றுக்கும் முந்தியது, அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

மஞ்சள் காமாலை என்றாலே நம் ஊரில் கீழாநெல்லிதான். அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். அதன் பெயர் ஆய்வு உலகத்திலும் அடிபட்டிருக்கிறது. 1988-ல் சென்னையைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி அந்தக் கிருமிக்கு எதிராக நல்ல பலன் தந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது. நமக்கு வந்திருப்பதோ கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு தங்கிப்போன கதை. காமாலைக்குச் சொன்ன மருந்தை இதற்கும் எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்பதையும் நான் ஏற்பதில்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயத்தையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஏற்கெனவே சிரமத்தில் இருக்கும் உறுப்பை வைத்துக்கொண்டு அந்த வழக்கில் நான் ஏன் போய் நிற்க வேண்டும்? கீழாநெல்லியை நான் தொடர்ந்து சாப்பிட்டதில்லை, அதனால் அனுபவமாக இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

சிறுதானியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வரகு, சாமை, தினை மூன்றிலும் தீட்டிய அரிசியை விட நார்ச்சத்து அதிகம். ஆனால் மாவுச்சத்தின் மொத்த அளவு குறைகிறதா என்பதுதான் கேள்வி. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) என்ற, சர்க்கரை நோய் பற்றிய நாடு தழுவிய ஆய்வு. அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதில்லை என்றும் அதில் இருக்கிறது. வரகுச் சோறும் தட்டு நிறைய என்றால் கல்லீரலுக்கு வேலை குறையப்போவதில்லை.

இப்போது என் வழி. தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல்தான் கொழுப்பாக மாற்றுகிறது. டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை என்றால், ஸ்பூனுக்கு 4 கிராம் வீதம் 32 கிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் எல்லை 25 கிராம்தான். வெல்லம், நாட்டுச்சர்க்கரை என்று மாற்றினாலும் கணக்கு பெரிதாக மாறாது.

தட்டில் செய்த மாற்றம் இவ்வளவுதான்: முதலில் பொரியலும் கூட்டும் வந்து பாதித் தட்டை அடைத்துவிடும். அப்புறம் சின்னக் கரண்டியால் சோறு. சாம்பாரில் பருப்பு கெட்டியாக இருக்கும். மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல். இரவுச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். 'இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா?' என்று அம்மா கேட்டால், கூட்டைக் காட்டுவேன்.

எடையில் 5 சதவீதம் இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது, 7 முதல் 10 வரை போனால் வீக்கமும் தணியும் என்கிறார்கள் மருத்துவர்கள். 70 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம் என்பது மூன்றரைக் கிலோ. பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் கல்லீரலுக்கே கெடுதல், வாரம் அரைக் கிலோ போதும். நடை வாரத்துக்கு 150 நிமிடம். எடை இறங்காத வாரங்களிலும் நடையால் கல்லீரல் கொழுப்பு குறையும் என்பதுதான் என்னை விடாமல் நடக்க வைக்கிறது.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: வருஷக்கணக்கில் இது ஓடுமா? போன எடை திரும்பி வந்தால் கொழுப்பும் கூடவே திரும்பும். அதனால் மூன்று மாதப் பத்தியத்தால் பயனில்லை. பொங்கல், கல்யாண வீடு, பிள்ளைகளின் பரீட்சை, வெளியூர் வேலை எல்லாவற்றையும் தாண்டி நிற்க வேண்டும். கீழாநெல்லியைத் தினம் பறித்து அரைக்க ஆள் வேண்டும். சிறுதானியம் என்றால் பல வீடுகளில் தனி உலை, தனி விலை, 'எனக்கு இது வேண்டாம்' என்கிற பிள்ளைகள். அளவைக் குறைப்பதற்குத் தனிச் சமையல் கிடையாது, செலவு கூடாது, பந்தியில் உட்கார்ந்தாலும் கடைப்பிடிக்கலாம். ஒரு நாள் தவறினாலும் அடுத்த வேளையே பழைய இடத்துக்கு வந்துவிடலாம். சர்க்கரை இல்லாத காபியைக்கூட விட வேண்டியதில்லை. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒல்லியாக இருந்தும் ஃபேட்டி லிவர் வந்தவர்களுக்கு இந்த எடைக் கணக்கு அப்படியே பொருந்துமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். எந்த வழியில் போனாலும், ரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் நொதி எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஃபேட்டி லிவர் இருந்தும் அது இயல்பாகவே வரலாம். வயது, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி, எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணுவான பிளேட்லெட் நான்கையும் வைத்து, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. கையில் இருக்கும் ரிப்போர்ட்டே போதும், அடுத்த முறை மருத்துவரிடம் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது கூடுதலாக வந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்வார்.