வாசிப்புச் செயலிகளோடு இரண்டரை ஆண்டுகள்: ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த பகுதியில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில், 2023 ஜூனில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியைத் தொடங்கினேன். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, கற்றல் திறனுக்கேற்ப அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருந்தார்கள். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகள், காதொலிக் கருவி அணிந்த ஒரு சிறுமி, புத்தகத்தைத் திறந்தாலே தலைகுனிந்துகொள்ளும் ஒரு சிறுவன் என ஒவ்வொருவரின் தேவையும் வேறாக இருந்தது. அந்த ஆகஸ்டு முதல் கூகுளின் ரீட் அலாங் செயலியையும், சில மாதங்கள் கழித்து லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியையும் பயன்படுத்தி வருகிறேன்.

2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்த ரீட் அலாங், குழந்தை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டு, சரியாக வாசித்த சொல்லை நிறம் மாற்றிக் காட்டும். தடுமாறும் சொல்லைத் தொட்டால் உச்சரித்தும் காட்டும். கதைகளை முன்பே இறக்கி வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. என் பழைய கைபேசியே போதுமானதாக இருந்தது.

எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் ஒரு சொல்லும் எழாத அந்தச் சிறுவன், மதிய உணவுக்குப் பிறகு வராந்தாவின் கோடியில் அமர்ந்து ஒரே கதையை நான்கு நாள் வாசித்தான். தவறினால் சிரிக்க அங்கே யாரும் இல்லை. அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான், ‘மாடு’, ‘வீடு’ தடையின்றி வருவதும், ‘கொடி’, ‘பெட்டி’, ‘தேன்’ ஆகியவற்றில் அவன் நின்றுவிடுவதும் புரிந்தது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு ஒலியில் பின்னால் வருவதே அவனுக்குச் சிக்கல். எந்தச் சொல்லில் நின்றான் என்பதைத் திரை காட்டியது. ஏன் நின்றான் என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொம்பையும் எழுத்தையும் ஒரே நிறத்தில் எழுதிய அட்டைகளோடு மூன்று வாரம் பழகிய பின், ஒரு நாள் “மிஸ், தேன் வந்துருச்சு!” என்று ஓடி வந்தான். கற்றல் குறைபாடு உண்டா என்பதைக் கண்டறியும் வேலை செயலியுடையது அன்று என்பதால், வட்டார வள மையச் சிறப்பாசிரியரையும் பார்க்கச் செய்தேன்.

பீகார்ச் சிறுமி ஒருத்தியை வாசிக்கத் தெரியாதவள் என்றே முதல் பருவம் முழுவதும் எண்ணியிருந்தேன். செயலியின் மொழியை இந்திக்கு மாற்றிக் கொடுத்தபோது ஒரு கதையை நிறுத்தாமல் வாசித்து முடித்தாள். அவளை அரும்பு நிலையில் அமர்த்தியிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரத்தில் இந்தப் பயிற்சி நடக்காது. ஒலிவாங்கி எல்லாக் குரலையும் வாங்கிக்கொள்ளும் என்பதால், ஒரு நேரத்தில் இருவருக்கு மேல் அமர்த்துவதில்லை.

பேச்சை எழுத்தாக்கித் தரும் லைவ் டிரான்ஸ்கிரைப்பைக் காதொலிக் கருவி அணிந்த சிறுமிக்காக டேப்லெட்டில், பெரிய எழுத்தில் வைத்தேன். கரும்பலகையைப் பார்த்தபடி நான் பேசிய வாக்கியங்கள் மட்டும் திரையில் பாதியாக வந்தன. அவள் என் உதடுகளையும் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது எழுதி முடித்து, திரும்பி நின்ற பிறகே பேசுகிறேன். கடைசி வரிசைப் பிள்ளைகளும் முன்னைவிடத் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். அவள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். டேப்லெட்டை எங்கே வைப்பது, மின்விசிறிக்கு நேர்கீழே ஏன் கூடாது என்பதையெல்லாம் அவளுடைய புதிய ஆசிரியைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.