உக்கடமா, சிங்காநல்லூரா?

கோவையில் ஒரே ஒரு காலைதான் இருக்கிறது, எந்தக் குளத்துக்குப் போவது? இரண்டுக்குமே தாய் நொய்யல்தான், வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வருபவள்.

தண்ணீர்: உக்கடம் பெரியகுளம் மேற்கே, இந்த இரண்டில் ஆற்று வாய்க்கால் முதலில் தொடுவது அதைத்தான். சிங்காநல்லூர் கிழக்கே, கீழ்ப்பக்கம். நகரத்தைக் கழுவிய சங்கனூர்ப் பள்ளம் என்ற ஓடையின் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். மூக்கைப் பிடிக்க வேண்டிய நாளும் உண்டு.

பரப்பு: முன்னது 320 ஏக்கர் சொச்சம், பின்னது 288. நடக்கிற காலுக்கு வித்தியாசம் தெரியாது.

வசதி: உக்கடத்தில் நடைபாதை, விளக்கு, பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்ட். குழந்தைகள், வயதானவர்களுக்கு அதுவே சரி.

பறவை: சிங்காநல்லூர் 2017-ல் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. கரை மரநிழலில் அசையாமல் நின்றால், கூழைக்கடா பையலகைத் தண்ணீரில் முக்கி எடுப்பதைப் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான்.