மிக்-21: 1/72, 1/48, 1/32 எதை வாங்குவது?

மிக்-21இன் பிளாஸ்டிக் மாதிரியை வீட்டில் ஒட்டிக் கட்டுபவர் முதலில் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1/72 என்றால் நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு. நிஜ மிக்-21இன் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7.15 மீட்டர். 72ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர், 48ஆல் வகுத்தால் 15, 32ஆல் வகுத்தால் 22 சொச்சம். கடையில் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும்போது இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வீட்டில் அலமாரியில் இடம் தேடும்போதும், விமானி இருக்கையின் பட்டையை இடுக்கியால் பிடிக்கும்போதும்தான் உறைக்கும்.

சோவியத் போர் விமானங்களில் எதை முதலில் கட்டலாம் என்று யார் கேட்டாலும் நான் மிக்-21ஐத்தான் சொல்வேன். ஒரு குழாய், அதற்கு இருபுறமும் முக்கோண இறக்கை, பின்னால் வால். பசை போடும் இணைப்புகள் குறைவு. 10,000க்கும் மேல் தயாரான விமானம் என்பதால் பூச்சு வகைகளுக்கும் பஞ்சமில்லை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1963இல் இந்திய வான்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம் இது.

சரி, அளவுக்கு வருவோம். என் ஓட்டு 1/48க்கு. 2011 வரை இந்த அளவில் செக் நாட்டு ஓ.இ.இசட்., கொரியாவின் அகாடமி போன்ற பழைய கிட்களை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செக் நிறுவனமான எடுவார்ட் மிக்-21இன் எம்.எஃப். ரகத்தைப் புதிய அச்சில் கொண்டுவந்தது. அடுத்தடுத்து பிஸ், பி.எஃப்.எம். ரகங்கள் என்று குடும்பமே வந்துவிட்டது. மேற்பரப்பில் ஆணி வரிசைகள் அத்தனை மெல்லியவை, பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமரைக் கெட்டியாக அடித்தால் காணாமல் போய்விடும். அகாடமி இன்றும் மலிவாகக் கிடைத்தால், பெயின்ட் அடித்துப் பழக மட்டும் வாங்கலாம்.

எடுவார்டிலேயே இரண்டு பெட்டிகள் உண்டு, குழப்பம் அங்கேதான். ப்ரோஃபிபேக் பெட்டியில் கருவிப் பலகை முதலியவற்றுக்கு வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடுகள், கண்ணாடிக் கூண்டிலும் சக்கரங்களிலும் பெயின்ட் படாமல் மறைக்க வெட்டிய மாஸ்க், கூடுதல் டீகால்கள் (ஒட்டும் சின்னங்கள், எழுத்துகள்) எல்லாம் இருக்கும். வீக்கெண்ட் பெட்டியில் தகடும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. ஆனால் இரண்டிலும் பிளாஸ்டிக் ஒன்றேதான். கூண்டை மூடிவிட்டால் அந்த அழகான கருவிப் பலகையை எட்டிப் பார்க்கப் போவது நீங்கள் மட்டும்தான், அதுவும் டார்ச் அடித்து. ஆகவே வீக்கெண்டை வாங்கி, மாஸ்க்கை மட்டும் தனியாக வாங்குவதே என் கணக்கு. கூண்டின் சட்டத்துக்கு டேப் வெட்டி ஒட்டுவதில் போகும் மாலைப்பொழுது தகடு ஒட்டுவதில் போவதில்லை.

1/48இல் ஒரு குறையும் உண்டு. எச்சரிக்கை வாசகங்கள். ரஷ்ய எழுத்தில் பொடிப்பொடியாக, ஒவ்வொரு மூடிக்கும் ஒன்று. எண்ணிக்கொண்டே ஒட்டினால் பொறுமை போய்விடும். நான் ஒரு பக்க இறக்கையை முடித்துவிட்டு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

1/72க்கு எடுவார்டின் எம்.எஃப். வந்தது 2018இல். பெரியதில் இருக்கும் நேர்த்தி பெரும்பாலும் இதிலும் இருக்கிறது. ஆனால் இந்த அளவில் தகட்டு உதிரிகள் எள்ளை விடச் சிறியவை. ஒன்று தரைக்குப் போனால் போனதுதான். ஆனாலும் 1/72க்கு ஆதரவாக ஒரு வாதம் இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. குண்டுவீச்சு விமானமான துபோலெவ்-95இன் இறக்கை 50 மீட்டர். 1/72இல் அது 70 சென்டிமீட்டர், கஷ்டப்பட்டால் அலமாரி மேல் நிற்கும். 1/48இல் ஒரு மீட்டரைத் தாண்டும். மிக், சுகோய், துபோலெவ் எல்லாவற்றையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஆசைப்படுபவர் முதல் பெட்டியிலேயே 1/72 என்று முடிவெடுத்துவிட வேண்டும். பாதியில் மாறினால் இரண்டு தொகுப்பும் அரைகுறைதான்.

1/32 ட்ரம்பெட்டரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பார்க்கக் கம்பீரம். ஆனால் அளவு பெரிதாக ஆக, காக்பிட்டில் இல்லாத வயரும் குழாயும் உறுத்தத் தொடங்கும். கடையில் கொடுத்த காசுக்கு மேல் உதிரிகளுக்குக் கொடுக்க வேண்டி வரும். பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இல்லாதவர் பக்கத்திலேயே போக வேண்டாம்.

எந்த அளவாக இருந்தாலும் சில வேலைகள் மாறாது. காக்பிட்டுக்கு அந்தச் சோவியத் நீலப்பச்சை, சக்கர வட்டுக்குப் பளிச்சென்ற பச்சை. இரண்டையும் சாம்பலாக்கினால் விமானம் வேறு நாட்டுக்குப் போய்விடும். காக்பிட், முன்சக்கரக் குழி, பின்பக்க வெளியேற்றுக் குழாய் மூன்றையும் உள்ளே வைத்த பிறகே உடலின் இரு பாதிகளையும் மூட வேண்டும். பசை போடாமல் இரண்டு முறை மூடிப் பாருங்கள். மூக்குக் கூம்புக்குள் ஈயத்துண்டு வைக்க மறக்க வேண்டாம். என் முதல் 1/72 மிக், வாலைத் தரையில் ஊன்றி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இன்னும் இருக்கிறது.

இந்திய விமானமாகக் கட்ட நினைப்பவர்கள் ரகத்தைக் கவனிக்க வேண்டும். பிஸ் கிட்டில் டீகாலை மட்டும் மாற்றினால் பைசன் (இந்தியாவுக்காக மேம்படுத்திய பிஸ்) ஆகிவிடாது. பைசனுக்கு முன்கண்ணாடி ஒரே துண்டு, நடுவில் சட்டம் இல்லை.

அப்புறம் மூக்கின் மேல் நீளும், காற்றின் வேகம் அளக்கும் அந்த மெல்லிய குழாய். மூன்று அளவிலும் பிளாஸ்டிக்கில்தான் வருகிறது, மூன்றிலும் உடையும். பித்தளையில் கடைந்ததைத் தனியாக விற்கிறார்கள். நான் மூன்றாவது முறை உடைந்த பிறகு மருந்துக் கடையில் ஊசி வாங்கி, முனையைத் தேய்த்து மழுங்கடித்துச் செருகிவிட்டேன்.