2015-16 என்பிஏ பருவம்: முழு ஆட்டங்களைத் தரும் சந்தாச் சேவை

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரின் 2015-16 பருவத்தை முழு ஆட்டங்களாகப் பார்ப்பதற்கென்றே நான் சந்தா செலுத்திய இணைய ஒளிபரப்புச் சேவை, படத் தெளிவில் முழு நிறைவளித்தது. தொடர்ந்து 24 வெற்றிகளுடன் தொடங்கிய கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 82 ஆட்டங்களில் 73ஐ வென்று, 1995-96இல் சிகாகோ புல்ஸ் படைத்த 72 வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்த பயணத்தைச் சுருக்கக் காட்சிகளில் உணரவே முடியாது. இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் 89-89 எனச் சமநிலையில் இருந்தபோது, வாரியர்ஸ் வீரர் இகுடாலா கூடையை நோக்கி எழுப்பிய பந்தை, பின்னாலிருந்து பாய்ந்து வந்த எதிரணியான கிளீவ்லாந்து கவாலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடைப் பலகையோடு அறைந்து தடுத்த அந்தக் கணத்தை மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை பார்த்தேன், உடல் சிலிர்த்தது. ஆட்டப் பட்டியலிலேயே முடிவுகளை அச்சிட்டிருப்பது மட்டும் பெருங்குறை. முதன்முறை பார்ப்பவருக்காக அவற்றை மறைக்கும் வசதியை அவசியம் சேர்க்க வேண்டும்.