எலி நாக்கின் இரு முனைப்புகள்: காளான் வடிவமும் அகழி சூழ்ந்ததும்

எலியின் நாக்கில் சுவை அரும்புகளை ஆராய விரும்புவோர் முன் இரண்டு இடங்கள் உள்ளன. முன்பகுதியில் சிதறிக் காணப்படும் காளான் வடிவ முனைப்பு (நாக்கின் மேற்பரப்பில் எழும் சிறு புடைப்பு) ஒவ்வொன்றின் உச்சியிலும் பெரும்பாலும் ஒரேயொரு சுவை அரும்பே அமைந்திருப்பதால், தனி அரும்புக்கும் அதற்கு வரும் முகநரம்பின் இழைகளுக்கும் உள்ள தொடர்பை அறிய அதுவே ஏற்றது.

பின்நாக்கின் நடுக்கோட்டில் உள்ள அகழி சூழ்ந்த முனைப்போ எலிக்கு ஒன்றே ஒன்றுதான். மனிதருக்கு ஏறத்தாழ பத்து உண்டு. ஆயினும் எலியின் அந்த ஒரே முனைப்பின் அகழிச் சுவர்களில் நூற்றுக்கணக்கான அரும்புகள் நெருங்கி நிறைந்திருக்க, அடியில் திறக்கும் எப்னர் சுரப்பிகளின் நீர் பழைய சுவைப்பொருளைக் கழுவி அகற்றுகிறது. இவற்றுக்கு வரும் நாத்தொண்டை நரம்பை வெட்டினால் இவ்வரும்புகள் படிப்படியாக மறைந்து, நரம்பு மீண்டும் வளர்ந்தபின் திரும்பத் தோன்றுவது வியப்புக்குரியது. ஒரே மெல்லிய திசுச் சீவலில் பல அரும்புகளை நுண்ணோக்கியில் காட்டுவதால், திசுவியல் பயிலத் தொடங்குபவருக்குப் பின்னதையே பரிந்துரைப்பேன்.