மத்து, மினி லேத், ஒரு பாழாய்ப்போன கைப்பிடி

என்னிடம் இருக்கும் அதே 12 அங்குல மினி லேத்தின் (மரம் கடையும் சின்ன மெஷின்) விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்கிறான் நண்பன். சென்ற தீபாவளிக்கு நான் கடைந்து கொடுத்த மத்து செய்த வேலை இது. மோட்டாரின் வாட்ஸ், வேகம் எல்லாம் அவனே படித்துவிட்டான். படித்தால் தெரியாத ஒன்று இருக்கிறது: டூல் ரெஸ்டின் பூட்டு.

உளியைத் தாங்கும் அந்த இரும்புக்கும் கட்டைக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இருந்தால் உளி சொன்னபடி கேட்கும். மரம் மெலிய மெலிய இடைவெளி கூடும். மெஷினை நிறுத்தி, பூட்டின் கைப்பிடியைத் தளர்த்தி, ரெஸ்டை நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஒரு பூரிக்கட்டை முடிவதற்குள் இதை ஓயாமல் செய்தாக வேண்டும். இந்த மெஷினிலோ அடியில் இருக்கும் நட்டு அதிர்வில் தளர்ந்துகொண்டே இருக்கிறது. மேலே கைப்பிடியை என்ன முறுக்கியும் பயனில்லை. வேம்பு பொறுத்துக்கொள்ளும். காய்ந்த புளியங்கட்டையை மாட்டினால் ரெஸ்ட் மெல்லப் பின்வாங்கும், உளியின் நுனியைக் கட்டை கீழே இழுக்கும், 'டக்' என்று ஒரு சத்தம். பார்த்தால், முக்கால்வாசி முடிந்த கட்டையில் திருகலாக ஒரு பள்ளம். சித்திக்கென்று தொடங்கிய பூரிக்கட்டை, பள்ளத்தைச் சீவிச் சீவி, கடைசியில் அவர் பேரனுக்கு விளையாட்டுச் சாமானாகப் போய்ச் சேர்ந்தது.

மரத்தூள் ஏறி வேகக் கட்டுப்பாட்டு போர்டு நின்றுபோனபோது சர்வீஸில் ஒழுங்காக மாற்றிக் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். கையோடு பூட்டைக் காட்டினேன். "இந்த மாடல் அப்படித்தான் சார்" என்றார்கள். அப்படித்தான் என்றால் என்ன அர்த்தம்? நைலான் வளையம் வைத்த நட்டை நானே வாங்கிப் போட்டேன். இப்போது கொஞ்சம் தேவலை.

நியாயமாகப் பேசினால், மோட்டார் தங்கம். அம்மா மதியம் தூங்கும்போதும் ஓட்டலாம். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்றும் உண்டு: சுழலும் தண்டை 24 இடங்களில் நிறுத்திப் பூட்டும் வசதி. மத்தின் தலையில் எட்டுப் பள்ளம் வேண்டுமா, மும்மூன்று இடமாகத் தள்ளிப் பூட்டி, ரம்பத்தால் கோடு போட்டு, அரத்தால் ராவினால் போதும். பள்ளங்கள் ஒன்றுபோல விழும். காம்பு நீளமாக வேண்டுமென்றால் தனியே கடைந்து செருக வேண்டும், அது பெரிய தொல்லையில்லை. கடைசியில் ஓடும் மரத்தின் மேல் தேன்மெழுகை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே உருகிப் பிடிக்கும். காகிதத்தால் தேய்த்ததும் வேம்பின் ரேகை பளிச்சென்று தெரியும். (துணியால் தேய்க்காதீர்கள். சுற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து இழுக்கும்.)

இவ்வளவும் சொன்ன பிறகு என் பதில்: வாங்காதே. விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் வாங்காதே. என்னுடையதை விற்பாயா என்று கேட்டால், மாட்டேன்; மதினிக்குப் பருப்பு மத்து பாக்கி இருக்கிறது. உனக்கும் ஒன்று வேண்டுமென்றால் காய்ந்த வேப்பங்கட்டையாகக் கொண்டுவா. புளியென்றால் வேறு ஆளைப் பார்.