லம்பார்ட், ஜெரார்ட், ஸ்கோல்ஸ்: மூவரில் யாரை முதலில் எடுப்பேன்?

இங்கிலாந்துக் கால்பந்தின் மிட்ஃபீல்டர்களை, அதாவது நடுக்கள ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் செல்சியின் ஃப்ராங்க் லம்பார்ட், லிவர்பூலின் ஸ்டீவன் ஜெரார்ட், மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் என்ற மூன்று பெயர்களும் சேர்ந்தேதான் வரும். மூவரும் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் சண்டை ஓயவில்லை. ஆனால் வரிசை மட்டும் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ஸ்கோல்ஸ் முதலில், ஜெரார்ட் இரண்டாவது, லம்பார்ட் கடைசி. லிவர்பூல் ரசிகர்கள் முதல் இரண்டை மாற்றிப் போடுவார்கள். மூன்றாவது இடத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

எனக்கு அந்த வரிசையில் உடன்பாடில்லை. மூவரின் ஆட்ட வாழ்க்கையையும் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்துப் பார்த்தால் லம்பார்ட்தான் முதலில் வருகிறார். அவரை மூன்றாவதாகத் தள்ளுவது, கோல் அடிப்பதை ஒரு திறமையாகவே எண்ணாத பழக்கத்திலிருந்து வருகிறது.

முதலில் கணக்கு. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் லம்பார்ட் 609 ஆட்டங்களில் 177 கோல், ஜெரார்ட் 504 ஆட்டங்களில் 120, ஸ்கோல்ஸ் 499 ஆட்டங்களில் 107. கோலுக்கு வழி செய்த கடைசிப் பாஸ் என்று பார்த்தால் லம்பார்ட் 102, ஜெரார்ட் 92, ஸ்கோல்ஸ் 55.

உடனே ஒரு எதிர்ப்பு வரும்: “லம்பார்ட் அடித்ததில் பாதி பெனால்டிதானே?” பாதி இல்லை. 177இல் 43 பெனால்டி. அவற்றைக் கழித்தால் 134. ஜெரார்டின் 120இல் 32 பெனால்டி, மீதி 88. ஸ்கோல்ஸ் தன் அணியில் பெனால்டி அடிப்பவரே இல்லை. அதனால் ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்தால் லம்பார்டும் ஸ்கோல்ஸும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கிறார்கள். பின்தங்குவது ஜெரார்ட்தான். வழக்கமான விவாதத்தில் இந்த விஷயம் வருவதே இல்லை. இளம் வயதில் பாதி ஸ்ட்ரைக்கராகவே ஆடிய ஸ்கோல்ஸை, வெறும் பாஸ் கொடுப்பவராக மட்டும் இன்று பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு அநியாயம்தான்.

சரி, கோல் விகிதம் சமம் என்றால் லம்பார்டை ஏன் மேலே வைக்கிறேன்? எத்தனை காலம் தொடர்ந்து அந்த விகிதத்தைக் காப்பாற்றினார் என்பதற்காக. 2003-04 முதல் 2012-13 வரை தொடர்ந்து 10 சீசன்கள், ஒவ்வொன்றிலும் லீக்கில் 10 கோலுக்குக் குறையவில்லை. அந்தப் பத்து வருஷத்தில் செல்சியில் மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். மௌரின்யோ, ஸ்கொலாரி, ஹிட்டிங்க், ஆன்செலோட்டி, பெனிடெஸ் என்று ஒவ்வொருவரும் ஒரு புது அமைப்போடு வந்தார்கள். எல்லாருடைய அணியிலும் இவர் கோல் அடித்தார். 2009-10இல் ஆன்செலோட்டியின் செல்சி லீக்கில் 103 கோல் போட்டுக் கோப்பையை வென்றபோது, மிட்ஃபீல்டில் ஆடிய இந்த மனிதரின் பங்கு 22.

அந்தக் கோல்கள் எப்படி வந்தன என்று கவனித்தவர்களுக்கு அவருடைய மூளை புரியும். செல்சி தாக்குதல் ஆரம்பிக்கும்போது லம்பார்ட் பெரும்பாலும் பந்துக்கு அருகில் இருக்க மாட்டார். ஸ்ட்ரைக்கர் ட்ரோக்பா இரண்டு தடுப்பாட்டக்காரர்களை இழுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடுவார். எதிரணி மிட்ஃபீல்டர்கள் பந்தையே பார்த்துக்கொண்டு பின்வாங்குவார்கள். அப்போது பெனால்டி பாக்ஸின் விளிம்பில் ஒரு வெற்றிடம் விழும். லம்பார்ட் சரியாக அந்த நொடியில் அங்கே வந்து சேருவார். ஒரு அடி முன்னால் வந்தால் ஆள் ஒட்டிக்கொள்வான், ஒரு அடி தாமதித்தால் பந்து போய்விடும். இதைப் பத்து வருஷம் வாராவாரம் செய்வதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அவருடைய ஷாட்கள் யார் காலிலாவது பட்டுத் திசைமாறி உள்ளே போகின்றன என்று கிண்டல் செய்தார்கள். சில போகத்தான் செய்தன. எப்போதும் குறி பார்த்து, பலமாக, தாழ்வாக அடிப்பவருக்குத்தான் அப்படி நடக்கும்.

பின்னால் தற்காப்பு மிட்ஃபீல்டர் மேக்கலேலே காவல் இருந்ததால்தானே இவரால் முன்னேற முடிந்தது என்பதும் நியாயமான கேள்விதான். ஆமாம், அந்த அமைப்பு அவருக்காகவே தைத்த சட்டை போலப் பொருந்தியது. ஆனால் மேக்கலேலே 2008இல் போன பிறகுதான் அந்த 22 கோல் சீசன் வந்தது.

இன்னொன்று, கிடைக்கும் தன்மை. 2001 அக்டோபரிலிருந்து 2005 நவம்பர் வரை லம்பார்ட் ஒரு லீக் ஆட்டம்கூடத் தவறாமல் தொடர்ந்து 164 ஆட்டங்கள் ஆடினார். கோல்கீப்பர் அல்லாத ஒருவர் அப்படி ஆடியது அன்று சாதனை. ஜெரார்டை இடுப்பு, தொடை வலிகள் விடாமல் துரத்தின. ஸ்கோல்ஸ் 2005-06 சீசனின் இரண்டாம் பாதியைக் கண் பார்வைப் பிரச்சினையால் இழந்தார். அவர்கள் குற்றமில்லைதான். ஆனாலும் ஒரு மேனேஜர் சீசன் தொடக்கத்தில் அணிப் பட்டியல் எழுதும்போது, எந்தப் பெயரை மையால் எழுதலாம் என்பது பெரிய விஷயம்.

லம்பார்டின் தொடக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வெஸ்ட் ஹாமில் அப்பா பெரிய ஆட்டக்காரர், மாமா ஹாரி ரெட்நாப் மேனேஜர். “மாமா தயவில் ஆடுகிறான்” என்ற பேச்சு அந்த மைதானத்திலேயே இருந்தது. 1996இல் ரசிகர்கள் கூட்டம் ஒன்றில் ஒருவர் எழுந்து, இந்தப் பையனுக்கு அவ்வளவு திறமை இல்லை என்று லம்பார்டும் மாமாவும் மேடையில் இருக்கும்போதே சொன்னார். இவன் உச்சிக்குப் போவான் என்று ரெட்நாப் அடித்துச் சொன்னார். 2001இல் 1.1 கோடி பவுண்டுக்குச் செல்சி வாங்கியபோதும் இது அதிக விலை என்றுதான் பலர் நினைத்தார்கள். 2005 ஏப்ரல் 30 அன்று போல்டன் மைதானத்தில் இரண்டு கோல்களையும் இவரே அடித்து, 50 வருஷத்துக்குப் பிறகு செல்சிக்கு லீக் கோப்பையைக் கொண்டுவந்தார். செல்சியை விட்டுப் போகும்போது 211 கோல். அந்த க்ளப்பின் வரலாற்றிலேயே அதிகம்.

இப்போது ஜெரார்ட். ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் எல்லாம் போச்சு என்ற நிலை வந்தால் அவரைத் தாண்டி யாரையும் கேட்க மாட்டேன். 2004 டிசம்பரில் ஒலிம்பியாகோஸுக்கு எதிராக இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தே தீர வேண்டிய கட்டாயம். 86ஆம் நிமிஷத்தில் தூரத்திலிருந்து அவர் அடித்த அடிதான் லிவர்பூலை ஐரோப்பிய க்ளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் உயிரோடு வைத்தது. அடுத்த மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த இறுதியில் மிலானுக்கு எதிராக 3-0 என்று பின்தங்கிய பாதியாட்டம். இடைவேளையில், அன்று லிவர்பூல் மேனேஜராக இருந்த பெனிடெஸ், தற்காப்பு மிட்ஃபீல்டர் ஹாமனை இறக்கி ஜெரார்டை முன்னால் தள்ளினார். 54ஆம் நிமிஷத்தில் அவருடைய ஹெடர்தான் கதவைத் திறந்தது. அதே ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், காலில் தசைப்பிடிப்பு வந்த நிலையிலும், வலது பக்கத் தடுப்பாட்டக்காரராக நின்று மிலானின் செர்ஜின்யோவைத் தடுத்துக்கொண்டிருந்தார். 2006 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக, 90 நிமிஷம் முடிந்து நடுவர் சேர்த்த ஸ்டாப்பேஜ் நேரத்தில், 30 கெஜத்துக்கும் அப்பாலிருந்து வந்த அந்தக் கோலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை, யூஃபா கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய நான்கின் இறுதியிலும் கோல் அடித்தவர் அவர்.

இவ்வளவும் லம்பார்டின் அணியைவிடப் பலவீனமான அணியோடு. சாம்பியன்ஸ் லீக் வென்ற அந்த லிவர்பூல் உள்நாட்டு லீக்கில் ஐந்தாவது இடம். அந்தப் பாரத்தை ஒரு மனிதர் தூக்கினார் என்பதை நான் மறுக்கவே மாட்டேன். 2005 ஜூலையில் அவர் செல்சிக்குப் போவதாகச் சொல்லி, ஒரே நாளில் மனம் மாறி லிவர்பூலிலேயே இருந்துவிட்டார். போயிருந்தால் லீக் பதக்கங்கள் குவிந்திருக்கும். கடைசி வரை ஒன்றுகூட இல்லை. 2014 ஏப்ரலில் அதே செல்சிக்கு எதிராகக் கால் வழுக்கி, டெம்பா பா கோல் அடித்த காட்சியை அவருடைய மொத்த வாழ்க்கையாகச் சுருக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஆனால் 38 ஆட்ட லீக்கில் வேறு குணம் தேவைப்படுகிறது. ஜெரார்டுக்கு எல்லா இடத்துக்கும் ஓட வேண்டும், எல்லாப் பந்தையும் தானே தொட வேண்டும். இரண்டு பேர் மட்டும் நடுவில் நிற்கும் அமைப்பில் அவர் விட்டுவிட்டுப் போகும் இடம் எதிரணிக்கு வழியாகிவிடும். அதைப் பெனிடெஸ் கண்டுகொண்டார். 2005-06இல் அவரைப் பெரும்பாலும் வலது பக்கம் ஆடவைத்தார். பிறகு ஃபெர்னாண்டோ டோரஸுக்குப் பின்னால் நிறுத்தி, நடுவை அலோன்ஸோவிடமும் மாஸ்கரானோவிடமும் ஒப்படைத்தார். ஜெரார்டின் மிகச் சிறந்த சீசன்கள் அவைதான். அப்படியானால் அவர் உண்மையில் மிட்ஃபீல்டரா, பின்னாலிருந்து வரும் ஃபார்வர்டா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

ஸ்கோல்ஸிடம் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் பின்னால் பார்த்து முடித்திருப்பார். மற்ற இருவரும் ஆட்டத்தின் வேகத்துக்கு ஓடினார்கள், ஸ்கோல்ஸ் அந்த வேகத்தையே முடிவு செய்தார். 11 லீக் கோப்பைகள் அவரிடம் இருக்கின்றன. 2011இல் ஓய்வு பெற்று, 2012 ஜனவரியில் திரும்பி வந்து, அதற்கடுத்த வருஷம் இன்னொரு கோப்பையோடு போனார். தன் காலத்தின் தலைசிறந்த மிட்ஃபீல்டர் என்று பார்சிலோனாவின் ஷாவி அவரைப் பாராட்டியதும் சும்மா இல்லை. பார்சிலோனாவுக்கு எதிரான 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை முடித்தது அவருடைய ஒரே கோல். டேக்கிள் மட்டும் அவருக்குக் கடைசி வரை வசப்படவில்லை. மஞ்சள் அட்டையால்தான் 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியை வெளியே உட்கார்ந்து பார்த்தார்.

அப்புறம் ஏன் அவர் முதலிடம் இல்லை? கீன், பெக்கம், கிக்ஸ், பிறகு கேரிக், ரூனி, ரொனால்டோ. யுனைடெட்டில் ஒரு நாள் ஸ்கோல்ஸ் இல்லையென்றால் வேறு யாராவது ஜெயித்துக் கொடுத்தார்கள். லம்பார்டின் செல்சியில் பத்து வருஷம் அந்தக் கோல்களுக்கு மாற்று ஏற்பாடே இல்லை. வித்தியாசம் சின்னதுதான். நாளைக்கு ஒருவர் ஸ்கோல்ஸை முதலில் வைத்தால் நான் பெரிதாகச் சண்டை போட மாட்டேன்.

இங்கிலாந்து அணிக்கு இந்த மூவரும் ஒரே நேரத்தில் கிடைத்தார்கள். ஐரோப்பிய நாடுகளுக்கான 2004 யூரோ தொடரில் மேனேஜர் எரிக்ஸன் நான்கு பேர் மிட்ஃபீல்டில் பெக்கமோடு மூவரையும் சேர்த்தே ஆடவைத்தார், ஸ்கோல்ஸை இடது பக்கம் ஒதுக்கி. அந்தத் தொடரில் லம்பார்ட் மூன்று கோல் அடித்தார். காலிறுதியில் போர்ச்சுகலிடம் பெனால்டியில் தோற்றார்கள். அடுத்த சில வாரங்களில், 29 வயதில், 66 ஆட்டங்களோடு ஸ்கோல்ஸ் தேசிய அணியை விட்டே போனார். குடும்பத்தையும் யுனைடெட்டையும் காரணமாகச் சொன்னார். ஆனால் அவரை அணியின் நடுவில் வைத்து எல்லாவற்றையும் கட்டியிருந்தால் அந்த முடிவு வந்திருக்குமா என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். மிச்சமிருந்த இருவரில் ஒருவர் முன்னே போனால் மற்றவர் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று எந்த மேனேஜரும் உறுதியாகச் சொல்லவில்லை. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில், மறுபடி போர்ச்சுகலுக்கு எதிராக, இருவருமே பெனால்டியைத் தவறவிட்டார்கள்.

இந்த இடத்தில் லம்பார்டின் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காக 106 ஆட்டங்களில் 29 கோல் அடித்தவர், உலகக் கோப்பையில் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஜெரார்டுக்கு மூன்று இருக்கிறது. 2010இல் ப்ளூம்ஃபோன்டெய்னில் ஜெர்மனிக்கு எதிராக லம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தெளிவாகத் தாண்டி விழுந்தது, நடுவர் கோல் தரவில்லை. அப்போது ஜெர்மனி 2-1 என்று முன்னிலையில் இருந்தது. கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்குப் பிடிவாதமாக மறுத்துவந்த ஃபிஃபா மனம் மாற அந்த ஆட்டம் பெரிய காரணம். லம்பார்டுக்கு மட்டும் அந்தக் கோல் திரும்பி வரவில்லை.

அதனால் என் வரிசை: லம்பார்ட், நூலிழையில் ஸ்கோல்ஸ், அப்புறம் ஜெரார்ட். லம்பார்டை நேரடியாகப் பார்க்காதவர்கள் கோல் தொகுப்புகளை விட்டுவிட்டு, 2012இல் செல்சி சாம்பியன்ஸ் லீக் வென்ற பயணத்தைப் பாருங்கள். அவருக்கு அப்போது 33 வயது. மேனேஜர் வில்லாஸ்-போவாஸ் சீசன் நடுவில் அவரை அடிக்கடி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார். பார்சிலோனாவில் பத்துப் பேரோடு 2-0 என்று பின்தங்கியிருந்தபோது, சக ஆட்டக்காரர் ராமிரெஸ் ஓடும் பாதையில் ஒரே பாஸில் பந்தை வைத்தவர் லம்பார்ட். ம்யூனிக் இறுதியில் வழக்கமான கேப்டன் டெர்ரி தடையில் இருக்க, கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு, தன் இயல்பான ஓட்டங்களையெல்லாம் அடக்கி, 120 நிமிஷம் தற்காப்பு மிட்ஃபீல்டராகவே நின்றார். கடைசியில் பெனால்டியையும் பிசகாமல் அடித்தார். கோல் அடிக்க மட்டும் தெரிந்தவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் அந்த ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.